சுவர் மேல் பழி போடும் முன்: வைஃபை தாமதத்துக்கு ரூட்டர் டிரைவர் காரணமா என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டு ரூட்டரோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டினேன். அதில் கற்றுக்கொண்டதுதான் இந்த வழிகாட்டி. டிரைவர் என்று நான் சொல்வது ரூட்டருக்குள் வைஃபை சிப்பை ஓட்டும் மென்பொருளை. வீடு நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் போலத்தான்: முகப்பு ஒரு தெருவில், பின்கதவு அடுத்த தெருவில். ரூட்டர் முகப்பில் இருக்கிறது. மகன் குடும்பம் சிங்கப்பூரில். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் வந்தால், பேரன் "அப்பத்தா" என்று கூப்பிட்டு வாயை மூடிய பிறகுதான் குரல் இங்கே வந்து சேரும். ஆச்சி பதில் சொல்வதற்குள் அவன் அடுத்த கேள்விக்குப் போயிருப்பான்.

"செவரு கனம் தம்பி. எங்க மாமனார் கட்டுன செவரு. அதுக்குள்ள எப்பிடி வரும்?" என்றார் ஆச்சி. நானும் அதை நம்பித்தான் முதல் ஞாயிற்றுக்கிழமை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ஓர் எக்ஸ்டெண்டரை வாங்கிக்கொண்டு போய் வளவில் (உள் முற்றப் பகுதியில்) மாட்டினேன். போன் திரையில் கோடுகள் முழுசாக நின்றன. பேச்சு மட்டும் அப்படியே இழுத்தது.

இரண்டாவது வாரம்தான் புத்தி வந்தது. ரூட்டருக்கு எதிரே, இரண்டு மீட்டர் தூரத்தில், இடையில் எந்தச் சுவரும் இல்லாமல் லேப்டாப்பை வைத்து அளந்தேன். 3, 2, 4, 3, 412, 3, 2, 688, 5 என்று மில்லிசெகண்டில் வரிசையாக வந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிடக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடியிழையில் ஒளி மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். ஆக, கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப 32 மில்லிசெகண்ட் போதும். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் கப்பலில் நாள்கணக்கில் கடந்த கடல் அது. இந்தப் பெட்டிக்கு இரண்டு மீட்டரைக் கடக்க 688 ஆகிறது என்றால் சுவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு தெளிவு: வேகம் வேறு, தாமதம் வேறு

ஸ்பீட் டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் வருகிறதே என்று பலர் கேட்பார்கள். ஒரு நொடியில் எவ்வளவு தகவல் வருகிறது என்பது வேகம். ஒரு துளித் தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது தாமதம். படம் பார்ப்பதற்கு முதலாவது போதும், ஏனென்றால் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பேச்சை அப்படி முன்கூட்டி இறக்க முடியாது. தொலைபேசி உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதைத் தாண்டிப் போகப்போக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்று ஆகிவிடும்.

இன்னொன்று, சராசரியை நம்பாதீர்கள். மேலே சொன்ன ஒன்பது எண்களில் ஏழு மிக அருமையானவை. பேச்சைக் கெடுத்தவை மீதி இரண்டு.

தேவையானவை

ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள், வைஃபை அலைகளைக் காட்டும் ஏதாவது ஓர் ஆண்ட்ராய்டு செயலி, ஒரு நோட்டு. படி 4-க்கு இன்னொரு லேப்டாப்பும் வேண்டும். நோட்டு என்று சும்மா சொல்லவில்லை. மூன்றாவது மாற்றத்துக்கு மேல் எது எதைச் சரிசெய்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

படி 1: மூன்று இடத்தில் அளப்பது

ஒரு சிறு தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளைக்குப் பிங் என்று பெயர். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். பிறகு இன்னோர் இடைவெளி, ஒரு சிறு கோடு, டி எழுத்து. அந்த டி இல்லாவிட்டால் நான்கு முறையோடு நின்றுவிடும், நான்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி மூன்றும் கிடைக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் அது தானாகவே நிற்காமல் ஓடும்.

இதை மூன்று விதமாகச் செய்ய வேண்டும். முதலில் லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து ரூட்டரை அளந்து பாருங்கள். ஒரு மில்லிசெகண்டை ஒட்டியே வர வேண்டும். பிறகு கேபிளைக் கழற்றி, இரண்டு மீட்டர் தூரத்தில், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அதே ரூட்டரை அளந்து பாருங்கள். 2 முதல் 5 வரை வந்தால் ஆரோக்கியம். எப்போதாவது ஒரு 20, 30 வந்தாலும் மன்னிக்கலாம். மூன்றாவதாக, மறுபடி கேபிளில் இணைத்து 8.8.8.8 என்ற வெளி முகவரியை அளந்து பாருங்கள்.

கேபிளில் ரூட்டர் வரை சுத்தமாக இருந்து, வெளியே போகும்போது மட்டும் எகிறினால் கோளாறு இணைய இணைப்பில். சேவை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், ரூட்டரைக் குடைய வேண்டாம். கேபிளிலேயே ரூட்டர் வரை எகிறினால் ரூட்டரின் பிராசஸர் திணறுகிறது, அல்லது மின்சாரம் சரியில்லை. கேபிள் சுத்தம், வெளி சுத்தம், வைஃபை மட்டும் இரண்டு மீட்டரிலேயே எகிறுகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. பிங்குக்குப் பதில் சொல்வது ரூட்டருக்கு இரண்டாம்பட்ச வேலை. அது மும்முரமாக இருந்தால் தன் பதிலை மட்டும் தாமதித்துவிட்டு, மற்றவர்களின் தகவலை ஒழுங்காகக் கடத்திக்கொண்டிருக்கலாம். சந்தேகம் தீர, ரூட்டரில் கேபிளால் இணைந்திருக்கும் இன்னொரு பொருளை, ஒரு பிரிண்டரையோ டிவி பெட்டியையோ, வைஃபையிலிருந்து அளந்து பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்பை இலக்காக வைக்காதீர்கள், அதன் ஃபயர்வால் வழக்கமாகப் பிங்கைத் தடுத்துவிடும்.

படி 2: கோளாறு நம் கையில் இருக்கும் பொருளிலா?

நானே இங்கே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ரூட்டரிலிருந்து ஆச்சியின் போனை அளந்தபோது 100, 180, 260 என்று வந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது போனின் தூக்கம். பேட்டரியை மிச்சம் பிடிக்க, போன் தன் வைஃபையை அணைத்துவிட்டு ரூட்டர் ஒலிபரப்பும் பீக்கன் என்ற அறிவிப்பு வரும்போது மட்டும் விழித்துப் பார்க்கும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வரும். எண்கள் நூறையும் அதன் மடங்குகளையும் சுற்றி வந்தால் தூக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே சார்ஜரில் செருகிய லேப்டாப்பில் மட்டும் அளந்து பாருங்கள். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டருக்கு 'மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். லேப்டாப்பின் வைஃபை டிரைவரையும் அப்படியே புதுப்பித்துவிடுங்கள்.

அடுத்தது, எகிறல் எந்தத் தாளத்தில் வருகிறது என்று கவனியுங்கள். கடிகாரம் வைத்தாற்போல நிமிடத்துக்கு ஒருமுறையோ அதற்கு நெருக்கமாகவோ வந்தால், லேப்டாப் அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடிப் பார்க்கிறது என்று பொருள். தேடும்போது அது வேறு சேனலுக்கு (அலைவரிசையின் வேறொரு பிரிவுக்கு) போய்விடும், போய் வரும் வரை பதில் வராது. மேக்கில் ஏர்டிராப்புக்கான இணைப்பும் இதே வேலையைச் செய்யும், அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓட்டுவதுதான் அறுதியான சோதனை. இரண்டும் ஒரே நொடியில் எகிறினால் குற்றவாளி ரூட்டர் பக்கம். ஒன்று மட்டும் எகிறினால் அந்த லேப்டாப்.

படி 3: அலை நெரிசலையும் மின்சாரத்தையும் கழித்துவிடுங்கள்

காரைக்குடி மாதிரி ஊரில் கடைத்தெருப் பக்கம் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அங்கே 1, 6, 11 மூன்றுதான். சோதனை முடியும் வரை 5 கிகாஹெர்ட்ஸில், சேனல் 36 அல்லது 149 என்று நிலையாக வையுங்கள். 'ஆட்டோ' வேண்டவே வேண்டாம். சில ரூட்டர்கள் நல்ல சேனலைத் தேடுகிறேன் என்று தாமே நடுநடுவே வேறு சேனலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும். ஆச்சி வீட்டில் ஆட்டோவை எடுத்து 36 என்று வைத்ததும் சும்மா இருக்கும்போது வந்த எகிறலில் பெரும்பகுதி அடங்கிவிட்டது. கோளாறு அதோடு தீரவில்லை, ஆனால் ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

மின்சாரத்தை யாரும் சந்தேகிப்பதே இல்லை. பழைய 12 வோல்ட் அடாப்டர் தளர்ந்துபோனால், விளக்குகள் எல்லாம் எரிந்தபடியே இருக்கும், வைஃபை சிப் மட்டும் சுமை ஏறும்போது தடுமாறும். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள வேறு அடாப்டரை மாட்டி ஒரு நாள் பாருங்கள். பிளக்கின் உள்முனை, வெளிமுனை துருவங்கள் பொருந்துகிறதா என்பதை அடாப்டர் மேல் அச்சிட்ட குறியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: சுமை ஏற்றிப் பார்ப்பது

இதுதான் டிரைவரைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. கேபிளில் ஒரு லேப்டாப், வைஃபையில் இன்னொன்று. கேபிளில் இருப்பதிலிருந்து வைஃபையில் இருப்பதற்கு ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கவிடுங்கள். நான் ஆச்சி பேத்தியின் கல்யாண வீடியோவை எடுத்துக்கொண்டேன், 40 ஜிபிக்கு மேல், இதற்கென்றே எடுத்த மாதிரி. நெட்வொர்க் வேகத்தைச் சோதிக்கும் ஐபெர்ஃப்3 தெரிந்தவர்கள் அதையே பயன்படுத்தலாம். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வைஃபை லேப்டாப்பில் பிங்கை ஓட்டுங்கள். இணையத்துக்கே போகாததால் சேவை நிறுவனத்தின் மேல் பழி விழ வழியில்லை.

சுமையில் 20, 40 மில்லிசெகண்ட் வரை ஏறுவது இயல்பு. 300, 500, ஒரு நொடி என்று ஏறி, நகல் நின்றதும் 3-க்கு இறங்கினால் ரூட்டருக்குள் எங்கோ நீண்ட வரிசை நிற்கிறது. ஆச்சி வீட்டில் 400-க்கும் 900-க்கும் இடையே ஆடியது. வீட்டில் யாராவது போனில் படம் இறக்கினால் அதே நேரம் பேரனின் குரல் இழுத்ததற்குக் காரணம் புரிந்தது.

டிரைவருக்குள் என்ன நடக்கிறது

நம் ஊர்க் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். போஜன ஹாலில் நாற்பது இலை. வளவில் இருநூறு பேர். வாசலில் நிற்பவருக்கு விவரம் தெரிந்திருந்தால் இலை காலியாகக் காலியாக ஆள் விடுவார். மருந்து போடுவதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வரும் பெரியவரை முன்னால் அனுப்பிவிடுவார். விவரம் இல்லாதவர் இருநூறு பேரையும் உள்ளே தள்ளிவிடுவார். அப்புறம் தண்ணீர் கேட்டவரும் இருநூறு பேருக்குப் பின்னால்தான்.

கோப்பு நகல் என்பது அந்த இருநூறு பேர். குரல் என்பது தண்ணீர் கேட்டவர். ரூட்டருக்குள் இப்படி வரிசை ஊதிப்போவதற்கு பஃபர்புளோட் என்று பெயர். இதற்கு மருந்தாக 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைச் சொன்னார்கள். தகவல்கள் வரிசையில் 5 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருப்பது தொடர்ந்துகொண்டே போனால், சிலவற்றைக் கீழே போட்டு அனுப்புபவரை மெதுவாக்கும். அதோடு ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து, மெல்லியதை முன்னால் விடும் ஏற்பாட்டைச் சேர்த்தால் எஃப்க்யூ-கோடெல். 2018-இல் அது ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது.

வைஃபையில் இது மட்டும் போதாது. வைஃபை சிப்புக்குள் தனியாக ஒரு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்த மென்பொருள்) ஓடுகிறது, அதற்கென்று உள்ளே ஒரு கூடம் இருக்கிறது. ரூட்டரை இயக்கும் லினக்ஸ் எவ்வளவு நேர்த்தியாக வரிசை நிறுத்தினாலும், டிரைவர் மொத்தத்தையும் அள்ளிச் சிப்புக்குள் கொட்டிவிட்டால் உள்ளே பழையபடி நெரிசல்தான். வாசலில் நல்ல ஆள் நின்றும் பயனில்லை. பல ரூட்டர்களில் தாமதத்தின் வேர் இதுதான்.

கூடவே இன்னொரு நோய். 1,500 பைட் கொண்ட ஒரு தகவல் பொட்டலத்தை 300 எம்பிபிஎஸில் அனுப்ப 0.04 மில்லிசெகண்ட் போதும். வீட்டின் மூன்றாம் கட்டில் (மூன்றாவது உள்பகுதியில்) சிக்னல் தேய்ந்து 1 எம்பிபிஎஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய போனுக்கு அதே பொட்டலத்தை அனுப்ப 12 மில்லிசெகண்ட், முந்நூறு மடங்கு. அந்த நேரமெல்லாம் மற்ற எல்லோரும் சும்மா நிற்க வேண்டும். டிரைவர் பொட்டலத்தை எண்ணிப் பங்கு போட்டால் அந்த ஒரு போன் வீட்டையே இழுத்துவிடும். நேரத்தைப் பங்கு போட்டால் அதன் மந்தம் அதனோடு போகும். 2017-இல் சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் வரிசையையும் காற்று நேரப் பங்கீட்டையும் சேர்த்துச் சரிசெய்து காட்டினார்கள். சுமையில் தாமதம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கியது. சிப்புக்குள் கொட்டும் அளவுக்குக் கட்டுப்பாடு வைக்கும் ஏக்யூஎல் ஏற்பாடு 2020 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.5-இல் சேர்ந்தது. காற்றில் சில மில்லிசெகண்டில் அனுப்பி முடிக்கக்கூடியதை மட்டுமே உள்ளே விடும்.

ஆச்சி வீட்டு ரூட்டரின் ஃபர்ம்வேர் இதற்கெல்லாம் பல வருடம் முந்திய லினக்ஸில் கட்டப்பட்டது. பெட்டியின் வெளித்தோற்றத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

படி 5: ரூட்டரின் பதிவைப் படிப்பது

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'சிஸ்டம் லாக்' என்று ஒரு பகுதி இருக்கும். எகிறல் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அதே நொடியில் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஃபர்ம்வேர் கிராஷ், ரீஸ்டார்ட், டைம்அவுட் போன்ற சொற்கள் வைஃபை வரிகளில் திரும்பத் திரும்ப வந்தால் சிப் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி கெடுவதும், ஓர் அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்ததும் இதே பக்கம் கைகாட்டும்.

படி 6: மருந்து, லேசானதிலிருந்து

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதும் படி 4-ஐத் திரும்பச் செய்து எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

முதலில் தயாரிப்பாளரின் புதிய ஃபர்ம்வேர். ரூட்டரைக் கவிழ்த்து ஸ்டிக்கரில் மாடல் பெயரோடு வி1, வி2, வி3 என்ற வன்பொருள் பதிப்பையும் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம், தவறான கோப்பு பெட்டியைக் கொன்றுவிடும். அப்டேட்டுக்குப் பிறகுதான் தாமதம் வந்தது என்றால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடிகிறதா என்று பாருங்கள். எதுவானாலும் கேபிளில் இணைத்து, ரூட்டரை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்தான். அமைப்புகளைச் சேமித்து வைப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்து, டிரைவருக்கு வேலையை எளிதாக்குவது. பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் எம்யூ-மிமோ, அலையைக் கருவியின் பக்கம் குவிக்கும் பீம்ஃபார்மிங், இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கட்டும் ஸ்மார்ட் கனெக்ட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சேனல் அகலத்தை 80-இலிருந்து 40 மெகாஹெர்ட்ஸாக்குங்கள். வேகம் குறையும், ஆனால் வீடியோ காலுக்கு அது தாராளம். குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம்-ஐ மட்டும் அணைக்காதீர்கள். அதை அணைக்கச் சொல்லும் யோசனை இணையத்தில் நிறைய உலவுகிறது. அணைத்தால் 802.11என் முதலான வேகங்களே கிடைக்காமல் 54 எம்பிபிஎஸ் காலத்துக்குப் போய்விடும்.

இதிலெல்லாம் சுமைத் தாமதம் அசையவில்லை என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டி. ரூட்டருக்கான திறந்த மூல லினக்ஸ் அது. 23.05, 24.10 பதிப்புகளில் நான் மேலே சொன்ன வரிசை ஏற்பாடுகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. உங்கள் மாடலும் அதன் வன்பொருள் பதிப்பும் அவர்களுடைய பட்டியலில் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். 8 எம்பி ஃப்ளாஷும் 64 எம்பி ரேமும் அடிமட்டம். 16, 128 இருந்தால் நிம்மதி. பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றுக்கு அங்கே ஆதரவு குறைவு. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் கை வைக்காதீர்கள். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் பின்னால் உங்கள் ரூட்டரை இணைத்தால் போதும். வாரண்டி இருக்கும் ரூட்டரிலும் செய்யாதீர்கள்.

ஏற்றி முடித்ததும் லூசி என்ற நிர்வாகப் பக்கம் வரும். வைஃபை தொடக்கத்தில் அணைந்திருக்கும், பயப்பட வேண்டாம். வயர்லெஸ் பகுதியில் நாடு இந்தியா என்று வைத்து, சேனலை நிலையாகக் கொடுத்து இயக்குங்கள். 2.4 பக்கத்தில் பழைய 802.11பி வேகங்களை அனுமதிக்கும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த 12 மில்லிசெகண்ட் நோய்க்கு அது நேரடி மருந்து.

எந்த டிரைவர் ஓடுகிறது என்பது ஸ்டேட்டஸ் மெனுவின் கெர்னல் லாகில் தெரியும். மீடியாடெக் சிப்களுக்கு எம்டி76. அதற்குத் தொடர்ந்து திருத்தம் வருவதால் புதிய பதிப்புக்கு மாறுவதுதான் பெரும்பாலும் செய்ய வேண்டியது. குவால்காமின் 802.11ஏசி காலத்துச் சிப்களுக்கு ஏத்10கே, ஏத்10கே-சிடி என்று இரண்டு டிரைவர்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபர்ம்வேர். எது மேல் என்று பொதுவாகச் சொல்வது வீண் வாதம். ஒரு வீட்டில் ஒன்று நன்றாக ஓடும், அடுத்த வீட்டில் மற்றது. மாற்றிப் பார்க்க, கேபிளில் இணைந்தபடி சிஸ்டம் மெனுவின் சாஃப்ட்வேர் பகுதிக்குப் போய், இருக்கும் டிரைவரையும் அதன் ஃபர்ம்வேரையும் சேர்த்து நீக்கி, மற்றதன் ஜோடியை நிறுவி, ரூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். டிரைவர் ஒன்றிலும் ஃபர்ம்வேர் இன்னொன்றிலுமாகக் கலந்துவிட்டால் வைஃபையே எழாமல் போகலாம்.

கட்டளை வரி பழகியவர்களுக்கு ஒன்று: ஏக்யூஎல்லின் இயல்பான வரம்பு 5,000 முதல் 12,000 மைக்ரோசெகண்ட். கெர்னலின் பிழைதிருத்தக் (டீபக்) கோப்புறையில் இதைக் குறைத்தால் தாமதம் இன்னும் இறங்கும், உச்ச வேகத்தில் கொஞ்சம் போகும். எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

ஆச்சி வீட்டு ரூட்டரில் தயாரிப்பாளரின் கடைசி ஃபர்ம்வேர் ஒரு மாற்றமும் தரவில்லை. மூன்றாவது ஞாயிறு ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிய பிறகு, அதே கல்யாண வீடியோ ஓட ஓட, அதே இடத்தில் 18, 25, 22, 31 என்று வந்தது. நகல் வேகம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். யாருக்கும் தெரியவில்லை.

படி 7: சுவருக்கு அதன் பங்கு

டிரைவர் சரியான பிறகு சுவரைக் கவனிக்கலாம், அது நிரபராதி என்று நான் சொல்லவில்லை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டாவது கட்டுக்குள்ளேயே மங்கிவிடும். செயலியில் சிக்னல் வலிமையைப் பார்த்தால் முகப்பில் மைனஸ் 40 டிபிஎம், இரண்டாம் கட்டில் மைனஸ் 78. மைனஸ் 70-க்குக் கீழே போனால் மறு அனுப்பல்கள் கூடித் தாமதமும் கூடும்.

நான் வாங்கிய எக்ஸ்டெண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுப்பது காற்று நேரத்தைப் பாதியாக்கும். அதற்குப் பதில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒரு கேட்6 லேன் கேபிள் இழுத்து, முனையில் இன்னொரு சிறு ரூட்டரை அக்சஸ் பாயிண்டாக, வேறு சேனலில் வைத்தேன். ஆத்தங்குடிக் கல் தரையிலும் பளபளக்கும் சுவர்ப் பூச்சிலும் துளை போட ஆச்சி விடமாட்டார், விடவும் கூடாது. வளவைச் சுற்றி மேலே ஓடும் மரச் சட்டத்தின் மறைவில், பழைய மின்வயர் போகும் பாதையை ஒட்டி, அதிலிருந்து சற்றுத் தள்ளிக் கேபிளைக் கொண்டுபோனோம். தூரம் 100 மீட்டருக்குள் இருக்கும் வரை லேன் கேபிளுக்குக் கவலையில்லை.

படி 8: ஒரு நாள் பொறுத்துச் சரிபார்ப்பது, எழுதி ஒட்டுவது

அரைமணி நேரம் நன்றாக ஓடியதை வைத்துக் கொண்டாட வேண்டாம். இரவு முழுக்கப் பிங்கை ஓடவிட்டு, காலையில் அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். இணைய இணைப்பிலும் சுமைத் தாமதம் இருந்தால் ஓப்பன்டபிள்யூஆர்டியில் இணைய வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, அதில் கேக் என்ற வரிசை முறையைத் தேர்ந்து, உங்கள் உண்மையான வேகத்தில் 90 விழுக்காட்டை வரம்பாகக் கொடுங்கள். பழைய ரூட்டரின் பிராசஸர் அதற்குத் தாங்காமல் வேகம் சரிந்தால் வரம்பைக் குறைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ரூட்டரின் அடியில் ஒரு தாளை ஒட்டி ஏற்றிய பதிப்பு, தேதி, சேனல், சும்மா இருக்கும்போது எவ்வளவு, சுமையில் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பாதி, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் திறக்கின்றன. அடுத்த முறை திறக்கும்போது ரூட்டரைத் தொடுவது வேறு யாராவதாக இருக்கும். பள்ளத்தூர் வீட்டுத் தாளில் என் எண்களுக்குக் கீழே ஆச்சியும் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "8 மணிக்கு மேல் யாரும் படம் எறக்கக் கூடாது." இப்போது அது தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இருக்கட்டும் தம்பி என்றுவிட்டார்.